வலது ஜன்னல்

பசை காய்கிற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் சிக்னல் சாய்ந்துவிடும், சாய்ந்தால் இடம் மாறிவிடும், இடம் மாறினால் காலையிலிருந்து செய்த வேலைக்கு அர்த்தமே இல்லை. கொண்டைக்கடலை உயரம்தான் இருக்கிறது. நிஜத்திலும் அது பெரிய கம்பம் இல்லையாம். யார்டுக்குள்ளே வேகன்களை இழுத்தும் தள்ளியும் வரிசைப்படுத்துகிற இன்ஜினுக்காக, முழங்கால் உயரத்தில் நிற்கிற ஷண்ட் சிக்னல். இரண்டு வெள்ளை விளக்குகள் படுக்கையாக எரிந்தால் நில், சாய்வாக எரிந்தால் போ. இந்து சொன்னாள். அன்றைக்குப் படுக்கையாகத்தான் எரிந்தது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்ஜின் அதைத் தாண்டிப் போனது. தாண்டின இடத்தில், தடம் பிரிகிற பாயிண்ட் வேறு தடத்துக்குத் திரும்பியிருந்தது, முன் சக்கரங்கள் தரையில் இறங்கிவிட்டன. ஒருத்தருக்கும் அடி இல்லை. இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன், ஒருத்தருக்கும் அடி இல்லை. ஓட்டியவர் சகாயராஜ் சார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவி ஓட்டுநர் என் மகள் இந்துமதி. இன்றைக்கு விசாரணை. காலையிலேயே அம்மாவும் மகளும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். காலையில் சாரைக் கேட்பார்கள், மதியத்துக்கு மேல் இவளை. அதற்கு முன்னால் போன் செய்வேன், நீ பார்த்துவிட்டுச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்ன சொல்ல வேண்டும் என்றால், அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இந்தக் கொண்டைக்கடலை தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா. அவ்வளவுதான் கேள்வி. விரலில் பசை இழுக்கிறது. இன்னும் கொஞ்சம்.

அவளுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் இதில் விசித்திரம். போன வாரம் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையைச் சுருட்டித் தடமாக வளைத்து, தேக்கரண்டிகளை வேகன்களாக அடுக்கி, எல்லாவற்றையும் எனக்குக் காட்டினாள். தடம் இங்கே வலது பக்கம் வளைகிறது. பக்கத்துத் தடத்தில், வளைவின் உள்பக்கமாக, மூடிய வேகன்கள் வரிசையாக நின்றன. கடைசி வேகன் சரியாக விளக்குக் கம்பத்துக்கு நேரே நின்றது, அது நல்ல ஞாபகம், ஏனென்றால் கம்பத்தில் யாரோ ஒரு தலைப்பாகைத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். துண்டின் நிறம்கூடச் சொன்னாள். சிக்னல் வழக்கமாக இடது பக்கம் இருக்கும், அங்கே வடிகால் ஓடுவதால் இதை மட்டும் வலது பக்கம் நட்டிருக்கிறார்கள் என்றாள். சரி, சிக்னலைப் பார்த்தாயா என்று கேட்டேன். தேக்கரண்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த இடம் மட்டும் காலியா இருக்குப்பா. பாத்தனா, பாத்துட்டு வேற எதையோ நெனச்சனா, தெரியவே இல்லையா, ஒண்ணும் வரல. சத்தியமா வரல." சகாயராஜ் சாருக்கு மட்டும் எல்லாம் வந்துவிட்டது. அன்று மாலையே போன் செய்தார். கெட்ட மனுஷன் இல்லை, அவளுக்கு வேலை கற்றுக் கொடுத்தவர், பணி முடிய இன்னும் சில மாதம்தான். "பாப்பா, நிக்கிற வண்டி மறைச்சிருச்சு. அவ்ளோதான். ரெண்டு பேரும் அதையே சொல்லீருவோம். நின்ன வண்டியெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சு, யாரு போயி அளக்கப் போறா?" இவள் சரி சார், யோசிக்கிறேன் சார் என்று வைத்துவிட்டு, என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பரண் மேலே இருந்த பலகையைப் பார்த்தாள்.

அந்தப் பலகை ஒரு பழைய கதவு. அவள் ஆறாவது படிக்கும்போது அதில்தான் முதல் ரயில் போட்டேன். வட்டமாகத்தான் போட்டேன், எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். இரண்டு நாள் பார்த்தாள், "இது எங்கயும் போகலையேப்பா" என்றாள். வட்டத்தைப் பிரித்துவிட்டு மூன்று கிளைத் தடம் போட்டேன். எட்டு வேகன், ஒரு இன்ஜின். வேகன் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஐந்து எடுப்போம், எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் கோத்து வெளியே கொண்டுவர வேண்டும். எளிதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். ஒரு வேகனை எடுப்பதற்கு மூன்றை நகர்த்த வேண்டும், நகர்த்திய மூன்றுக்கு இடம் வேண்டும், இடத்துக்காக ஏற்கனவே சரியாக வைத்ததைக் கலைக்க வேண்டும். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஒயர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து இவளிடம் தோற்பேன். "யோசிக்காம தள்ளாதப்பா, தள்ளுனதத் திரும்ப எடுக்கணும்ல" என்பாள் பெரிய மனுஷி மாதிரி. என் மனைவி கனகா அடுப்படியிலிருந்து, "பொம்பளப் பிள்ளைக்கு ரயில் விடக் கத்துக் குடுக்குறாரு, நாளைக்கு ரயிலத்தான் கட்டிக்கிட்டுப் போகப்போறா" என்பாள். வேலை உத்தரவு வந்த அன்றைக்குத் தெருவுக்கே லட்டு கொடுத்ததும் அவள்தான். இன்ஜின் இறங்கின அன்றைக்கு, எல்லாம் நீங்க போட்ட பலகைதான் என்று ஒரு வார்த்தை சொன்னாள், அப்புறம் அதைச் சொல்லவே இல்லை. சொல்லாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது அவளுக்கு என்று எனக்குத் தெரிகிறது. நானும் அதைத்தான் நினைக்கிறேன். வட்டமாகவே விட்டிருந்தால். வட்டமாக விட்டிருந்தால் இரண்டு நாளில் சலித்துப்போய் பல்லாங்குழி ஆடப் போயிருப்பாள், பேங்க் பரீட்சை எழுதியிருப்பாள், இந்நேரம் ஏசியில் உட்கார்ந்து டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த இந்துவை எனக்குத் தெரியாது. விரலை எடுத்தேன். நிற்கிறது.

வாசலில் செருப்புச் சத்தம். கீழ்வீட்டு ஜமால், மோட்டார் ரூம் சாவிக்கு. நான் எடுத்துத் தருவதற்குள் உள்ளே வந்து கட்டில் மேலே கிடக்கிற பலகையைப் பார்த்துவிட்டார். "தனுஷ்கோடி சார், என்ன, வண்டி விட ஆரம்பிச்சிட்டீங்களா மறுபடியும்? எந்த ஊரு போகுது? நமக்கு ஒரு டிக்கெட் போடுங்க, கீழ் பெர்த்தா." இது எங்கேயும் போகாது பாய், ஷண்டிங் என்றேன். "போகாத வண்டிக்கு எதுக்கு சார் இம்புட்டுத் தண்டவாளம்?" குனிந்து பார்த்தார். நான் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி வேகன்களாக ஒட்டியிருந்தேன், ஒன்றின் பக்கவாட்டில் மங்கல வாத்தியம் படம் அப்படியே தெரிந்தது. "சரக்கு என்ன, மேளமா?" அவருக்கு விஷயம் தெரியும், தெருவுக்கே தெரியும், தெரிந்துகொண்டு கேட்காமல் இருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போதுதான், "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது சார். நல்ல பிள்ள" என்றார். நல்ல பிள்ளை என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. சம்பந்தம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. மோட்டார் ஓட ஆரம்பித்தது, பலகை லேசாக அதிர்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். இல்லை.

இனி நூல். கனகாவின் தையல் டப்பாவிலிருந்து வெள்ளை நூல். இன்ஜினுடைய அறைக்குள்ளே, இந்து உட்கார்ந்திருந்த இருக்கையில், ஜன்னல் உயரத்துக்கு ஒரு குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். குண்டூசித் தலைதான் அவள் கண். அதிலிருந்து சிக்னலுக்கு நூலை நேராக இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் எதையாவது தொட்டால் தெரியாது, தொடாமல் போனால் தெரியும். எக்ஸ்சேஞ்சில் லைன் பழுது பார்ப்பதும் ஏறக்குறைய இதுதான், பழுது அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பிரித்துக்கொண்டே போவது. பழுது நம் பக்கம் இல்லை என்று தெரிகிற நிமிஷம் இருக்கிறதே, அந்த வேலையில் அதைவிட நல்ல நிமிஷம் கிடையாது. பழுது அப்படியேதான் இருக்கும், சந்தாதாரர் திட்டிக்கொண்டுதான் இருப்பார், ஆனாலும் ஒரு டீ குடிக்கலாம். இந்த இன்ஜினுக்கு ஒரு முனையில்தான் அறை. மறுமுனை முழுக்க நீளமான மூக்கு, அதற்குள்தான் எந்திரம். உள்ளே போகும்போது அறை முன்னால் இருந்தது. வேகன்களைக் கோத்துக்கொண்டு வெளியே வரும்போது மூக்கு முன்னால், சிக்னலைத் தாண்டினது அப்போதுதான். அந்த மூக்கு இவ்வளவு நீளம் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஒரு கையால் இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரு கையால் நூலை இழுத்துப் பிடித்து, முட்டி போட்டு, கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். தொடுகிறது. மூக்கில் தொடுகிறது. இன்னும் நகர்த்தினேன், தொடுகிறது. நிற்கிற வேகன் வரிசையைத் தாண்டியும் தொடுகிறது. சிக்னல் பக்கத்தில் வரும்வரைக்கும் நூல் அந்த மூக்கைவிட்டு விலகவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்காது. நிற்கிற வண்டிகூட இல்லை, இன்ஜினே மறைத்திருக்கிறது. கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். பசித்தது. கனகா மூடி வைத்துவிட்டுப் போன கத்தரிக்காய்க் குழம்பையும் சோற்றையும் போட்டுக்கொண்டு பலகைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

சோறு நன்றாக இருந்தது. இத்தனை நாளாகச் சோற்றுக்கு ருசி இருந்ததா என்று ஞாபகம் இல்லை. போன் வந்ததும் சொல்லலாம், தெரியவில்லை என்று. தைரியமாகச் சொல்லலாம், நூல் போட்டுப் பார்த்துவிட்டேன் என்று. சகாயராஜ் சார் சொன்னதும் பொய்யாகாது, மறைத்தது எது என்பதில்தான் கொஞ்சம் வித்தியாசம். அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு யோசனை வந்தது, அவருடைய பக்கத்திலிருந்தும் இழுத்துப் பார்க்கலாமே. பழக்க தோஷம், ஒரு பக்கம் சோதித்தால் மறுபக்கமும் சோதிப்பது. அவர் எந்தப் பக்கம்? ஓட்டுகிறவர் இடது பக்கம், உதவி ஓட்டுநர் வலது பக்கம். இந்து வேலைக்குப் போன புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சப்பாத்தி உருட்டிக்கொண்டே சொன்னது. "இன்ஜின் திரும்பாதும்மா. நாங்கதான் எந்திரிச்சு எடம் மாறி உக்காருவோம். எந்தப் பக்கம் போனாலும் டிரைவர் இடது, நான் வலது." இதெல்லாம் ஒரு வேலை, நாற்காலி ஆட்டம் மாதிரி என்று கனகா சிரித்தாள். கையில் பிசைந்த சோறு இருந்தது. குண்டூசியைப் பார்த்தேன். உள்ளே போகும்போது அவள் உட்கார்ந்த இருக்கையில் குத்தியிருக்கிறேன், அறை முன்னால் இருக்கும்போது வலது பக்கம். வெளியே வரும்போது மூக்கு முன்னால். அதே இருக்கை இப்போது இடது பக்கம். நான் சோதித்தது என் மகளை இல்லை, சகாயராஜ் சாரை. அவருக்குத்தான் தெரிந்திருக்காது. சோற்றை முடித்தேன். வீணாக்கக் கூடாது என்பதற்காக இல்லை, எழுந்திருக்கப் பயமாக இருந்தது.

கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குண்டூசியைப் பிடுங்கி அந்தப் பக்கம் குத்தினேன். இன்ஜினைப் பின்னுக்குக் கொண்டுபோனேன். நூலைப் பிடித்தேன், முட்டி போட்டேன். முதலில் தொட்டது. அட்டை வேகன்களில், ஒவ்வொன்றாக, மங்கல வாத்தியத்தைத் தொட்டது, அடுத்ததைத் தொட்டது. தொடு, தொடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நகர்த்தினேன். கடைசி வேகனின் மூலையில் உரசிக்கொண்டு நின்றது, கொஞ்சம் நகர்த்தியதும் நூல் சின்னதாக அதிர்ந்து விடுபட்டது. எதையும் தொடவில்லை. குண்டூசித் தலைக்கும் சிக்னலுக்கும் நடுவே காற்றில் ஒரு வெள்ளைக் கோடு. அந்த இடத்தில் இன்ஜின் மூக்குக்கும் சிக்னலுக்கும் நடுவே மூன்று வேகன் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. அளந்தேன். மறுபடி அளந்தேன். வளைவு சரியா என்று பார்த்தேன், சரி. விளக்குக் கம்பம் சரியா, அவள் வேலிக்கு வெளியே நின்று காலடியால் அளந்து வந்து சொன்னது, சரி. அவள் பார்த்திருக்க வேண்டும். பார்த்து, சிக்னல் நில் என்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த வலது ஜன்னலில் ஆள். அவர் பக்கம் தெரியாது, இவள் கண்தான் அவருக்கும் கண். பணி உறுதி ஆகாத பெண். தெரிந்திருந்தும் கவனிக்கவில்லை என்று இவள் வாயால் சொன்னால் என்ன செய்வார்கள். வீட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பாமலும் இருக்கலாம், தண்டனையோடு விடலாம், திரும்பப் பயிற்சிக்கு அனுப்பலாம். எனக்கு அந்த உலகம் தெரியாது, எனக்குப் பலகைதான் தெரியும்.

கடைசி வேகனில் விரலை வைத்தேன். இரண்டு விரல் அகலம் முன்னால் தள்ளினேன். நூல் மூலையில் தொட்டது. இன்னும் இரண்டு விரல். நன்றாகவே மறைத்துவிட்டது. பலகையில் நாலு விரல், அங்கே இரண்டு ஆள் நீளம். கம்பத்துக்கு நேரே என்றால் எந்த முனை நேரே, யார் கண்டது, துண்டு காற்றில் ஆடியிருக்கும், அவள் கண் ஒரு இழை தப்பியிருக்கும். இப்படி வைத்துக்கொண்டு தெரியவில்லை என்று சொன்னால் அது பொய்யா. நூலே சொல்கிறதே. அவள் நம்புவாள். நம்பி, அங்கே போய்த் தெளிவாகச் சொல்வாள், வேலை நிற்கும், சகாயராஜ் சார் தலையைத் தடவிக் கொடுப்பார், அடுத்த மாதம் வேறு யார்டில் அதே வலது ஜன்னலில் உட்காருவாள். தெரியாத இடத்தில் தெரியவில்லை, அவ்வளவுதானே என்று உட்காருவாள். அன்றைக்கு அந்த பாயிண்ட் பக்கத்தில் யாரும் இல்லை. கொக்கி மாட்டுகிறவர் பின்னால் கடைசி வேகனில் தொங்கிக்கொண்டு வந்தார். யாரும் இல்லை என்பது அவள் செய்ததா. நான் செய்ததா. ஒருத்தருக்கும் அடி இல்லை என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது. வேகன்களைப் பழையபடி கம்பத்துக்கு நேரே இழுத்து வைத்தேன். நூல் விடுபட்டது. கீழே மோட்டாரை நிறுத்திவிட்டார் போல, வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் போன் அடித்தது.

கனகா. "சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"மரத்தடியில உக்காந்திருக்கோம். அவரு பேசி முடிச்சிட்டாரு. இவள இன்னும் கூப்பிடல. ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறா. கட்டிக்கொண்டாந்த தயிர்சோறு அப்படியே இருக்கு. இந்தாங்க, அவகிட்டப் பேசுங்க, போனப் புடுங்குறா."

"அப்பா."

"சொல்லும்மா."

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"எடம் மாத்தி உக்காருவோம்ல, அதக் கணக்குல எடுத்தியா? காலையில பஸ்ஸுல வர்ற வழியிலதான் தோணுச்சு, உங்கிட்டச் சொல்லாம விட்டுட்டமேன்னு."

"மொதல்ல தப்பாப் பாத்தேன். அப்புறம் மாத்திப் பாத்தேன்."

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிற சத்தம், ஒரு ஆட்டோ திரும்புகிற சத்தம். அவள் மூச்சு விடுவது கேட்டது. சின்ன வயதில் சீட்டைப் பிரிப்பதற்கு முன்னால் இப்படித்தான் மூச்சை இழுத்துப் பிடிப்பாள் என்று சொன்னால் இட்டுக்கட்டியதாகிவிடும். அப்போது நான் வேகன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுதா?"

நூல் இன்னும் என் இடது கையில் இருந்தது.

"தெரியுதும்மா."

உனக்கு மட்டும்தான் தெரியும், அவருக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும், நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எங்கருந்து?"

"கடைசி வேகனத் தாண்டுனதும். உன் பக்கத்துலருந்து மட்டும். சார் பக்கத்துக்கு மூக்கு மறைக்குது."

"எவ்ளோ இருக்கு சிக்னலுக்கு?"

"மூணு வேகன்."

"மூணா. அவரு ரெண்டுலயே நிறுத்திருவாருப்பா. நான் சொல்லியிருந்தா."

"ம்."

"சார் இங்கதான் இருக்காரு. எதுத்தாப்புல. பாக்குறாரு."

"என்ன சொல்லப் போறம்மா?"

"நீ சொன்னதத்தான்." குரலில் அழுகை இல்லை. அலுப்பு மாதிரி ஏதோ இருந்தது, ராத்திரி வேலை முடித்து வந்து செருப்பைக் கழற்றும்போது இருக்கிற மாதிரி. "பாத்தனா இல்லையான்னு தெரியல, ஆனா தெரிஞ்சிருக்கும், சொல்லியிருக்கணும். அவ்ளோதான். எழுதிக்கட்டும்."

"இந்து, நான் இன்னொரு தடவ வேணா—"

"வேணாம்ப்பா. நீ இன்னொரு தடவ பாத்தா மறைச்சாலும் மறைச்சிரும்."

எனக்கு முகம் சுட்டது. அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை, போன் கை மாறிவிட்டது. டிபன் டப்பா மூடி கழல்கிற சத்தம் கேட்டது. கனகா குரலைத் தாழ்த்திக்கொண்டு, போனை வாயோடு ஒட்டி வைத்துப் பேசினாள்.

"ஏங்க, என்னத்தச் சொன்னீங்க அவகிட்ட? போயி கையக் கழுவிட்டு வந்து உக்காந்துட்டா. ஊறுகா எங்கன்னு கேக்குறா."

"எடுத்துக் குடு" என்றேன்.